லைனில் பாக்கெட் டிராப் ஆகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் நடுவே டெல்கோ (தொலைத்தொடர்பு நிறுவனம்) கொடுத்த லைனில் பாக்கெட் (தரவின் சிறு துண்டு) காணாமல் போகிறது என்று புகார் வந்தால், பலருடைய கை முதலில் போவது ரூட்டரின் பவர் சுவிட்சுக்குத்தான். தயவுசெய்து அது வேண்டாம். காணாமல் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் வழியில் ஏதோ ஒரு கருவிதான் கீழே போடுகிறது. பெரும்பாலும் போடும்போதே ஒரு கவுன்டரில் கணக்கும் எழுதிவைக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டால் அந்தக் கணக்கு மொத்தமும் அழிந்துவிடும். லைன் கொஞ்ச நேரம் சரியானது போலத் தெரியும், மறுநாள் அதே புகார் திரும்ப வரும், காட்டுவதற்குக் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாக்கெட்டைக் கீழே போட்டது யார்? நம் ரூட்டரா, எதிர்முனை ரூட்டரா, நடுவில் இருக்கும் டெல்கோ கருவியா, இல்லை கேபிளா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் கியூவை (பாக்கெட் காத்திருக்கும் வரிசையை) பெரிதாக்குவது, கேபிளை மாற்றுவது, டெல்கோவோடு சண்டை போடுவது எல்லாமே குருட்டு வைத்தியம்.

புரிவதற்காக ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் தை செங் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் தலைமை ரூட்டர். அதே ஊரில் துவாஸில் ஒரு கிடங்கு, உட்லண்ட்ஸில் ஒரு சின்னக் கிளை, சென்னையில் ஓர் அலுவலகம். கட்டளைகளைச் சிஸ்கோ வழக்கில் சொல்கிறேன். மற்ற நிறுவனக் கருவிகளிலும் இதே கவுன்டர்கள் வேறு பெயரில் இருக்கும்.

தொடங்கும் முன்

‘ஷோ இன்டர்ஃபேஸ்’ கொடுத்து வருவதை முழுவதுமாக, நேரத்தோடு, ஒரு ஃபைலில் ஒட்டிவையுங்கள். இரண்டு முனையிலும் இதைச் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் ‘கிளியர் கவுன்டர்ஸ்’. அவுட்புட் டிராப் 15,000 என்று பார்த்ததும் பதற வேண்டாம். கவுன்டரைக் கடைசியாக எப்போது அழித்தார்கள் என்ற வரியைப் பாருங்கள். ‘நெவர்’ என்று இருந்தால், அந்த 15,000 போன வருடம் ஒரே இரவில் சேர்ந்ததாகக்கூட இருக்கலாம். நமக்கு வேண்டியது புகார் வரும் நேரத்தில் ஏறும் எண். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து முந்தையதோடு கழித்துப் பாருங்கள். அதே இடைவெளியில் எத்தனை பாக்கெட் வெளியே போனது என்பதையும் எடுத்தால்தான் டிராப் எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியும்.

இன்டர்ஃபேஸில் ‘லோடு இன்டர்வல் 30’ போட்டுவிடுங்கள். சிஸ்கோவில் அது இயல்பாக 5 நிமிடச் சராசரி. அவ்வளவு நீளமான சராசரியில் எதுவும் கண்ணில் படாது. இரண்டு முனையிலும் என்டிபி (கடிகாரங்களை ஒத்துவைக்கும் நெறிமுறை) ஓடுகிறதா, நேரம் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூர் ரூட்டர் சிங்கப்பூர் நேரத்திலும் சென்னை ரூட்டர் இந்திய நேரத்திலும் லாக் எழுதினால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் எந்தச் சம்பவம் எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் புரியாது.

எவ்வளவு லாஸ் (பாக்கெட் இழப்பு) இருந்தால் கவலைப்படலாம்? ‘ஒரு சதவீதம்தானே’ என்று விடுபவர்கள் நிறையப் பேர். லாஸை வைத்து டிசிபி (விழுந்ததை மறுபடி அனுப்பும் நெறிமுறை) வேகத்தைக் கணிக்க 1997-ல் மேத்திஸும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர்-சென்னை போய்வர 35 மில்லி விநாடி, எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் அதிகபட்சத் தரவு) 1460 பைட், லாஸ் 1 சதவீதம் என்றால், வழக்கமான ஒற்றை டிசிபி இணைப்பு சுமார் 4 மெகாபிட்டோடு நின்றுவிடும். லைன் 100 மெகாபிட்டாக இருந்தாலும் அவ்வளவுதான். லாஸ் 0.1 சதவீதமானால் சுமார் 13 மெகாபிட். புது டிசிபி வகைகள் இதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் திசை இதுதான். தூரம் கூடக்கூட, சின்ன லாஸும் பெரிய வலியாகிறது.

அறிகுறி: முதல் பிங் மட்டும் போகவில்லை, அல்லது ட்ரேஸில் நடு ஹாப்பில் மட்டும் லாஸ்

இவை இரண்டும் பெரும்பாலும் நோயே இல்லை.

ஐந்து பிங்கில் முதலாவது மட்டும் புள்ளியாக வந்து மற்ற நான்கும் ஆச்சரியக்குறியாக வந்தால், ஏஆர்பி (எதிர்முனையின் வன்பொருள் முகவரியைக் கேட்கும் முறை) விடை வருவதற்குள் முதல் பாக்கெட் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடியும் அடித்துப் பாருங்கள், ஐந்தும் வரும்.

எம்டிஆரில் (வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் சோதிக்கும் மென்பொருள்) நாலாவது ஹாப்பில், அதாவது நாலாவது ரூட்டரில், 40 சதவீத லாஸ், ஐந்திலிருந்து கடைசி வரை பூஜ்யம் என்று வந்தால், நாலாவது ரூட்டர் தன்னிடம் வரும் ஐசிஎம்பி-க்கு (பிங் போன்ற சோதனைச் செய்திகளுக்கு) பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தன் வழியாகப் போகும் பாக்கெட்டை அது ஒழுங்காகவே அனுப்புகிறது. லாஸ் ஒரு ஹாப்பில் தொடங்கி இலக்கு வரை நீடித்தால் மட்டும் அதை நம்புங்கள். அப்போதும் பதில் திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். எம்டிஆர் படத்தை மட்டும் ஒட்டி டெல்கோவுக்கு டிக்கெட் போட்டால், இதே விளக்கத்தை எழுதி அவர்கள் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை.

‘அன்னோன் புரோட்டோகால் டிராப்ஸ்’ என்ற கவுன்டர் ஒரே சீராக ஏறுவதையும் விட்டுவிடலாம். டெல்கோ சுவிட்ச் அனுப்பும் எல்எல்டிபி போன்ற அறிமுகப் பாக்கெட்டுகளை நம் போர்ட் புரிந்துகொள்ளாமல் போடுவதுதான் பெரும்பாலும் அது.

அறிகுறி: இன்புட் எரர், சிஆர்சி ஏறுகிறது

சிஆர்சி ஏறினால் பாக்கெட் வழியில் கெட்டுப்போய் வந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஒளிக் கருவி), டியூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியுமா என்ற அமைப்பு) இந்த நாலில் ஒன்றுதான் காரணம். கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் அமைப்பு) பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு விஷயம்: சிஆர்சி காட்டுவது வாங்கும் பக்கம். நம் ரூட்டரில் சிஆர்சி ஏறினால் எதிரிலிருந்து நமக்கு வரும் இழையில் கோளாறு. நாம் அனுப்பும் இழை கெட்டிருந்தால் நம் கவுன்டர் சுத்தமாகவே இருக்கும், அடுத்த முனையில் இருக்கும் டெல்கோ கருவியில்தான் ஏறும். அதனால் ‘எங்கள் பக்கம் எரரே இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கக் கவுன்டரையும் கேட்டு வாங்க வேண்டும்.

செம்புக் கேபிள் என்றால் முதலில் டியூப்ளெக்ஸ். டெல்கோ தன் போர்ட்டை 100 மெகாபிட், ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று கட்டிவைத்திருக்க, நம் போர்ட் ஆட்டோவில் இருந்தால், நம் பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், டியூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃபில் போய் நிற்கும். அப்போது ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சியும் ரன்ட்டும் (அரைகுறைப் பாக்கெட்) ஏறும். லைன் சும்மா இருக்கும்போது பிங் அழகாகப் போகும், டிராஃபிக் ஏறினால் நாறிவிடும். இரண்டு பக்கமும் ஆட்டோ, இல்லையென்றால் இரண்டு பக்கமும் கட்டியது. பாதிப்பாதி வைத்தால் வம்புதான். கிகாபிட் செம்பில் எப்போதும் ஆட்டோவே இருக்கட்டும், அந்தத் தரம் அதைக் கேட்கிறது.

ஃபைபர் என்றால் ‘ஷோ இன்டர்ஃபேஸ் டிரான்சீவர்’ கொடுத்து ஒளி அளவைப் பாருங்கள். 1000பேஸ்-எல்எக்ஸ் எஸ்எஃப்பி-க்கு வந்து சேரும் ஒளி -19 டிபிஎம்முக்கும் -3 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். 10ஜிபேஸ்-எல்ஆருக்கு -14.4 முதல் 0.5 வரை. எல்லைக்கு ஒட்டி நின்றால், இன்று ஓடினாலும் நாளை ஓடாது. ஒளி அதிகமானாலும் கெடுதல்: 80 கிலோமீட்டர் வகை எஸ்எஃப்பி-யை ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ரேக்குக்கு நடுவே போட்டால் அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் கருவி) இல்லாமல் வாங்கும் பக்கம் திணறும்.

துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் சிஆர்சி ஏறும். ஆள் போய் ரேக்கைத் திறந்து லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் ஓர் எரர் கிடையாது. பூட்டிவிட்டு வந்தால் மறுபடியும். மஞ்சள் நிற பேட்ச் கார்டு (குட்டை ஃபைபர் கேபிள்) கீல் பக்கமாகச் சுற்றி வந்திருந்தது. கதவு சாத்தும்போதெல்லாம் கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அது கூர்மையாக மடங்கும். திறந்திருக்கும்போது ஒளி -12 பக்கம் இருந்தது, சாத்தினால் -20 வரை இறங்கியது. கார்டின் மேலுறையில் நகத்தால் அழுத்தியது போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. வேறு கார்டைப் போட்டு, கீலுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டியதும் சரியாகிவிட்டது. அதனால் ஒளி அளவை எடுக்கும்போது ரேக் கதவு எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். தொலைவிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

கனெக்டரைத் துடைக்காமல் மாட்டுவது இன்னொரு பழக்கம். துடைக்கும் கருவி பேனா அளவுதான் இருக்கும், விலையும் பெரிதில்லை. கழற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சட்டைத் துணியால் துடைக்கவே கூடாது.

அறிகுறி: அவுட்புட் டிராப் ஏறுகிறது, ஆனால் வரைபடத்தில் லைன் பாதிகூட நிறையவில்லை

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. ‘லைன் 40 சதவீதம்தான் ஓடுகிறது, எப்படி டிராப் ஆகும்?’ என்று கேட்பார்கள். சராசரி வேறு, அந்தக் கணம் வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். உள்பக்கம் 1 கிகாபிட், வெளிப்பக்கம் 100 மெகாபிட். பேக்கப் சர்வர் 10 மில்லி விநாடிக்கு முழு வேகத்தில் தள்ளினால் 1.25 மெகாபைட் உள்ளே வரும். அதே 10 மில்லி விநாடியில் வெளியே போக முடிவது 0.125 மெகாபைட். மீதி 1.125 மெகாபைட், அதாவது 1500 பைட் அளவில் 750 பாக்கெட், கியூவில் நிற்க வேண்டும். சிஸ்கோ ரூட்டரின் இயங்குதளமான பழைய ஐஓஎஸ்ஸில் அவுட்புட் கியூவின் இயல்பான அளவு 40. மீதி 700-க்கு மேல் கீழே விழும். இது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. 30 விநாடிச் சராசரியில்கூட இது தெரியாது, 5 நிமிட வரைபடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கியூவை 1000 ஆக்கினால் டிராப் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அந்த 750 பாக்கெட்டும் 100 மெகாபிட்டில் வெளியேற 90 மில்லி விநாடி ஆகும். அவற்றின் பின்னால் வந்து நிற்கும் போன் பேச்சுக்கும் அதே 90 தாமதம் ஏறும். டிராப் புகார் போய் ‘குரல் இழுக்கிறது’ என்ற புகார் வரும். முதலில் வகை பிரியுங்கள்: குரலுக்குத் தனி முன்னுரிமை, முக்கியமான வணிக மென்பொருளுக்கு உறுதியான பங்கு, பேக்கப்புக்குக் கடைசி இடம். அதன் பிறகு பேக்கப் வகைக்கு மட்டும் கியூவைப் பெரிதாக்கினால் யாருக்கும் வலிக்காது. ‘ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்’ எந்த வகையில் டிராப் என்று தனித்தனியாகக் காட்டும். பேக்கப் வகையில் மட்டும் கொஞ்சம் டிராப் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ள அந்த டிராப்தான் அதற்குச் சைகை.

அறிகுறி: எந்தக் கவுன்டரும் ஏறவில்லை, ஆனால் லாஸ் நிச்சயம் இருக்கிறது

நம் இரண்டு ரூட்டரும் சுத்தம், சிஆர்சி இல்லை, அவுட்புட் டிராப் இல்லை, பிங்கில் மட்டும் லாஸ். அப்படியானால் போட்டது நடுவில் இருப்பவர். ஆனால் காரணம் பெரும்பாலும் நம்மிடம்தான்.

சிங்கப்பூரில் லைன் வாங்கும்போது டெல்கோ பெரும்பாலும் 1 கிகாபிட் போர்ட்டைத்தான் கொடுக்கும். ஒப்பந்தம் 100 மெகாபிட்டாக இருக்கும். நம் ரூட்டருக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. போர்ட் 1 கிகாபிட் என்பதால் அது நிறுத்தாமல் தள்ளும். அந்தப் பக்கம் டெல்கோவின் போலீசர் 100-க்கு மேல் வருவதை வரிசையில் நிற்க விடாமல் அப்படியே வெட்டிவிடும். அது குரலா, பேக்கப்பா என்றெல்லாம் பார்க்காது. நம் ரூட்டரில் கியூவே உருவாகாததால், நாம் பார்த்துப் பார்த்து எழுதிய கியூஓஎஸ் ஒரு நாளும் வேலை செய்யாது. கொள்கை இருக்கிறது, கவுன்டர் எல்லாம் பூஜ்யம், குரல் வெட்டுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

சோதிப்பது எளிது. இரண்டு முனையிலும் ஐபெர்ஃப்3 (வேகத்தைச் சோதிக்கும் மென்பொருள்) போட்டு, யூடிபி-யில் (டிசிபி போல வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளாத நெறிமுறை) 60, 80, 90, 95, 100 மெகாபிட் என்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். வேகம் சொல்லாமல் விட்டால் அது யூடிபி-யை 1 மெகாபிட்டில்தான் அனுப்பும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐபெர்ஃப் சொல்வது உள்ளே இருக்கும் தரவின் வேகத்தை மட்டும். 1448 பைட் தரவுக்கு யூடிபி, ஐபி, ஈத்தர்நெட் தலைப்பெல்லாம் சேர்த்தால் 1494 பைட் ஆகும். ஆகவே ஐபெர்ஃபில் 97 என்றால் லைனில் 100. லாஸ் 97 அருகே தொடங்கினால் டெல்கோ ஒப்பந்தப்படிதான் நடக்கிறது. 70-லேயே தொடங்கினால் நியாயமான புகார், தாராளமாகக் கேளுங்கள். இரண்டு திசையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு திசை சுத்தமாக இருந்து மறு திசை கெட்டிருப்பது சாதாரணம்.

தீர்வு, நம் ரூட்டரின் வெளிப்பக்கப் போர்ட்டில் ஷேப்பர் (அளவுக்கு மேல் வருவதை வெட்டாமல் வரிசையில் நிறுத்தி அனுப்புவது) போடுவது. 100 மெகாபிட் ஒப்பந்தத்துக்கு 95 வைத்துத் தொடங்குங்கள். வெளியே ஷேப்பர், அதற்குள் வகைப் பிரிவு. இப்போது கியூ நம் ரூட்டரில் உருவாகும், எதைப் போடுவது, எதை முதலில் அனுப்புவது என்று நாம் முடிவெடுக்கலாம். சின்னப் பாக்கெட் நிறைய ஓடும் லைனில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஈத்தர்நெட் ஃபிரேமோடும் முன்னும் பின்னும் 20 பைட் இடம் லைனில் போகிறது, டெல்கோ அதையும் கணக்கில் சேர்த்தால் 64 பைட் ஃபிரேமுக்கு அது பெரிய பங்கு.

இன்னொரு வகையும் உண்டு, கண்டுபிடிக்கக் கஷ்டமானது. தை செங்கில் 1 கிகாபிட், உட்லண்ட்ஸ் கிளைக்கு 50 மெகாபிட். தலைமை ரூட்டர் உட்லண்ட்ஸுக்கு 300 மெகாபிட்டில் அனுப்பினாலும் தன் அளவுக்குள்தான் இருக்கிறது, ஷேப்பர் கேட்காது. பாக்கெட் டெல்கோவின் வலைக்குள் போய், உட்லண்ட்ஸ் பக்கம் வெளியேறும் இடத்தில் விழுகிறது. உட்லண்ட்ஸ் ரூட்டருக்கு அது வந்து சேரவே இல்லை, அதனால் அங்கேயும் கணக்கு இல்லை. இதற்குத் தலைமை ரூட்டரில் கிளைக்கு ஒரு ஷேப்பர் என்று அந்தந்தக் கிளையின் அளவுக்கு வைக்க வேண்டும். கிளைகளைச் சேர்க்கும்போது இதைச் செய்துவிட்டால் பின்னால் இரவு விழிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: டேட்டா நன்றாக ஓடுகிறது, குரல் மட்டும் வெட்டி வெட்டி வருகிறது

‘காலையில நல்லா இருக்கு சார், ஆள் வரவர மோசமாகுது’ என்று கிளையில் சொன்னால், முன்னுரிமை வகையின் அளவைப் பாருங்கள். ஜி.711 (குரலைத் தரவாக்கும் ஒரு முறை) அழைப்பு ஒன்றுக்கு நொடிக்கு 50 பாக்கெட், ஐபி அளவில் 80 கிலோபிட், ஈத்தர்நெட் தலைப்போடு 87.2 கிலோபிட். முன்னுரிமைக்கு 1000 கிலோபிட் என்று எழுதியிருந்தால் 11 அழைப்பு வரை நிம்மதி. லைன் நெருக்கடியில் இருக்கும்போது 12-ஆவது ஆள் போனை எடுத்தால் அளவு தாண்டும். அப்போது 12-ஆவது அழைப்பு மட்டும் கெடுவதில்லை, 12 பேருடைய குரலும் சேர்ந்து வெட்டும். அளவைக் கூட்டுங்கள், அல்லது போன் சர்வரில் ஒரே நேரத்து அழைப்புகளுக்கு வரம்பு வையுங்கள். போனிலிருந்து வரும் முன்னுரிமைக் குறியீடு, டிஎஸ்சிபி 46, நடுவில் எந்த சுவிட்சும் அழிக்காமல் ரூட்டர் வரை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அழிந்துவிட்டால் குரலும் சாதாரண வகையில் போய்ச் சேர்ந்துவிடும்.

அறிகுறி: பிங் போகிறது, உள்ளேயும் நுழைய முடிகிறது, ஃபைல் அனுப்பினால் நின்றுவிடுகிறது

‘அண்ணே, பிங்கெல்லாம் நல்லாத்தான் போகுது. எஸ்எஸ்ஹெச்-ல உள்ளேயும் போயிட்டேன். ஒரு பெரிய ஃபைலைத் திறந்தா அப்படியே உறைஞ்சு நிக்குது.’ புதிதாக வேலைக்கு வந்த தம்பி இப்படிச் சொன்னால், பதில் ஏறக்குறைய எப்போதும் எம்டியூதான் (ஒரு பாக்கெட் போகக்கூடிய அதிகபட்ச அளவு). சின்னப் பாக்கெட் எல்லாம் போகிறது, பெரியது எல்லாம் விழுகிறது.

லைனுக்கு மேல் டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) போட்டிருந்தால் இது வரும். ஜிஆர்இ வகை டனல் 24 பைட்டை எடுத்துக்கொள்கிறது, அதனால் 1500-க்குப் பதில் 1476 தான் மிச்சம். குறியாக்கம் செய்யும் ஐபிசெக் அதைவிட அதிகம் எடுக்கும். பிபிபிஓஇ லைனில் 1492. பெரிய பாக்கெட் வந்து, ‘என்னைத் துண்டாக்காதே’ என்ற டிஎஃப் பிட்டும் போட்டிருந்தால், ரூட்டர் அதைப் போட்டுவிட்டு அனுப்பியவருக்கு ஐசிஎம்பி-யில் ‘இவ்வளவுதான் போகும்’ என்று தகவல் சொல்ல வேண்டும். 1990-ல் வந்த ஆர்எஃப்சி 1191 சொல்லும் முறை இதுதான். நடுவில் ஒரு ஃபயர்வால் ‘ஐசிஎம்பி ஆபத்து’ என்று மொத்தமாகத் தடுத்துவைத்திருந்தால் அந்தத் தகவல் சேராது. அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்.

சோதனை: விண்டோஸில் பிங்கோடு ‘-எஃப்’ போட்டு, ‘-எல்’ அளவை 1472 ஆக்குங்கள். 1472-ஓடு ஐசிஎம்பி 8, ஐபி 20 சேர்ந்து 1500. சிஸ்கோ ரூட்டரில் அடிக்கும்போது அளவு என்பது ஐபி தலைப்பையும் சேர்த்தது, அங்கே 1500 என்றே கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து 28 பைட் வித்தியாசத்தில் அலைபவர்கள் உண்டு. போகாவிட்டால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய, டனல் இன்டர்ஃபேஸில் எம்டியூ 1400, டிசிபி எம்எஸ்எஸ் 1360 என்று வைப்பது ஐபிசெக்குக்கு வழக்கமான பாதுகாப்பான அளவு. ஃபயர்வாலில் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4-ஐ அனுமதியுங்கள். எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபி-க்கு மட்டும்தான் உதவும், யூடிபி-யில் பெரிய பாக்கெட் அனுப்பும் மென்பொருளுக்கு ஃபயர்வாலையும் திறந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: சிலருக்கு மட்டும், அதுவும் எப்போதும்

பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் இல்லை, இவருக்கு மட்டும் எப்போதும் லாஸ். இரண்டு அல்லது நான்கு லிங்க்கைச் சேர்த்துக் கட்டிய இடத்தில் ஒரு கால் நொண்டி. எந்த ஓட்டம் எந்த லிங்க்கில் போவது என்பதை முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்துப் போடும் ஹாஷ் என்ற கணக்கு முடிவுசெய்கிறது. இவருடைய ஓட்டம் கெட்ட லிங்க்கில் விழுகிறது. கட்டின் மொத்தக் கவுன்டரைப் பார்க்காமல் ஒவ்வோர் உறுப்பு போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். வெவ்வேறு மூல முகவரியிலிருந்து பிங் அடித்தால் எது கெட்டது என்று பிரிந்துவிடும். அந்த ஒன்றை மூடிவிட்டு, பிறகு சாவகாசமாகக் கேபிளைப் பாருங்கள்.

ஐபிசெக் டனலில் ‘ரீப்ளே’ என்று டிராப் ஏறினால் அது தாக்குதலாக இருக்க வாய்ப்பு குறைவு. வரிசை எண் போட்ட பிறகு நம் கியூஓஎஸ் குரலை முன்னே தள்ளுகிறது, பேக்கப் பின்தங்கி வருகிறது. சிஸ்கோவில் வழக்கமான 64 பாக்கெட் சாளரத்தைத் தாண்டிப் பின்தங்கியதை எதிர்முனை பழைய பாக்கெட் என்று போட்டுவிடுகிறது. சாளரத்தை 1024 ஆக்கினால் போதும்.

இன்புட் கியூ டிராப் ஏறினால் சிபியு-வைப் பாருங்கள். ரூட்டருக்கே நேராக வரும் பாக்கெட் அதிகமாகிவிட்டது, அல்லது வன்பொருளில் போக வேண்டியது ஏதோ காரணத்தால் சிபியு வழியாகப் போகிறது.

அறிகுறி: மதியம் 12 ஆனால் தொடங்குகிறது

புகாரில் நேரம் ஒரே மாதிரி இருந்தால் அது பெரிய உதவி. சிங்கப்பூரில் மதியம் 12 என்றால் சென்னையில் காலை 9:30. அங்கே எல்லோரும் வந்து கணினியைத் திறக்கிறார்கள், ஒரே நேரத்தில் உள்நுழைகிறார்கள், ஃபைல் ஒத்திசைவு தொடங்குகிறது. இங்கே சாப்பாட்டு நேரம் என்பதால் யாருக்கும் காரணம் தோன்றாது. நெட்ஃபுளோ (ரூட்டர் எழுதும் டிராஃபிக் பதிவு) எடுத்து யார் எதை இழுக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு சர்வர் பெயர் மேலே நிற்கும்.

சென்னை லைனில் லாஸோடு தாமதமும் சேர்ந்து குதித்திருந்தால் விஷயம் வேறு. 2002-ல் வந்த ஐ2ஐ கேபிள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி, அப்படியானால் போய்வரக் குறைந்தது 32 மில்லி விநாடி. வழக்கமாக 35, 40 காட்டும் பிங் ஒரே நாளில் 150-க்குப் போய்விட்டால் டிராஃபிக் வேறு பாதையில் சுற்றுகிறது. கடலில் எங்கோ ஒரு கேபிள் அறுந்து, மிச்சமிருக்கும் பாதையில் எல்லோரும் நெரிகிறார்கள். 2006 டிசம்பர் 26 அன்று தைவான் அருகே நிலநடுக்கம் வந்து கேபிள்கள் அறுந்தபோது, இந்த வட்டாரம் முழுவதும் இப்படித்தான் தவித்தது, பழுது பார்க்கும் கப்பல்கள் வேலையை முடிக்க வாரக்கணக்கில் ஆனது. அந்த நேரத்தில் ரூட்டரில் எதைத் திருகினாலும் கேபிள் ஒட்டாது. பேக்கப்பை நிறுத்திவையுங்கள், ஷேப்பரைத் தற்காலிகமாக இறக்குங்கள், குரலுக்கும் முக்கியமான வேலைக்கும் இடம் விடுங்கள்.

டெல்கோவுக்கு எழுதும்போது

‘லைன் ஸ்லோ’ என்று எழுதினால் பதிலும் அவ்வளவுதான் வரும். சர்க்யூட் எண், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு, எந்தத் திசையில், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று சிங்கப்பூர் நேரம் எனக் குறிப்பிட்டு எழுதுங்கள். நம் இரண்டு போர்ட்டின் கவுன்டர், கழித்து எடுத்த எண்களாக. ஒளி அளவு, அனுப்புவதும் வாங்குவதும். ஐபெர்ஃப் எந்த வேகத்தில் எத்தனை சதவீதம். கடைசியில் நேரடியான கேள்வி: உங்கள் பக்கப் போர்ட்டில் அதே நேரத்தில் சிஆர்சி எத்தனை, போலீசர் டிராப் எத்தனை, உங்களுக்கு வந்துசேரும் ஒளி எவ்வளவு? இப்படிக் கேட்டால் முதல் நிலை ஆளால் அதை மூட முடியாது, கவுன்டரைப் பார்க்கத் தெரிந்தவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றியதும் பிங் நன்றாகப் போகிறது என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். புகார் மதியம் 12-க்கு வந்ததென்றால் மறுநாள் 12-க்கு, அதே டிராஃபிக் ஓடும்போது, அதே கவுன்டரைப் பாருங்கள். பேக்கப்பால் வந்த டிராப் என்றால் முழு பேக்கப் ஓடும் இரவு வரை காத்திருந்து பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் அப்போது மூடலாம்.